சாமான் அறை, புள்ளி, விளக்கு

ரோட்டர்டாமில் குளிர்காலத்தில் சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. அப்போது சங்கரன்கோவிலில் எட்டரை. உடம்புதான் இங்கே, மனசு எப்போதும் அந்த எட்டரையில் இருக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

டேட்டாபேஸ் எழுதுவது என் பிழைப்பு. அதில் எதைக் குறிப்பிட்டாலும் முதலில் பொருள், பிறகு ஒரு புள்ளி, அப்புறம்தான் அதன் தன்மை. வாடிக்கையாளர்.முகவரி என்பதுபோல. தனியாக இருக்கும் அம்மாவுக்காகச் சுவிட்சுகளை வைஃபையில் இணைத்தபோது வீட்டையும் அப்படியே எழுதினேன்: வீடு.அடுப்படி.விளக்கு, வீடு.மோட்டார்.நிலை. பக்கத்து மேஜை ஆன்னெகே எட்டிப் பார்த்து, "யார் வீடு?" என்றாள். என் வீடு என்றேன். "யார் இருக்கிறார்கள்?" அம்மா என்றேன். "அப்படியானால் அம்மா.வீடு என்றல்லவா எழுத வேண்டும்?" நம் ஊர் வழக்கம் இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று சிரித்துவைத்தேன். கூடவே ஒரு விதியும் சேர்த்தேன். வீடு.சாமான்அறை.விளக்கு எட்டரைக்கு மேல் எரிந்தால் தானாக அணைய வேண்டும். பழைய அண்டாக்களுக்கு எதற்கு வெளிச்சம்?

போன ஞாயிற்றுக்கிழமை போனில்தான் அம்மா சொன்னாள்.

"முட்டு வலிக்குன்னு ஆவணியிலயே கட்டில சாமான் ரூம்ல போட்டுட்டேம்லா. பாத்ரூம் பக்கம்."

"எங்கிட்ட சொல்லவேயில்லையேம்மா?"

"இதெல்லாம் ஒரு சங்கதியால? தெனமும் நீதான லைட்ட அமத்துத, ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். மாத்திரைய எடுக்கதுக்குள்ள அமந்துரும். சரி, புள்ள படுக்கச் சொல்லுதான்னு படுத்துக்கிடுவேன்."

"திரும்பப் போட வேண்டியதுதானே?"

"நீ அமத்துனத நான் எதுக்குப் போடணும்? பக்கத்து வீட்டு அக்காட்டயும் சொன்னேன், எம்மவன் அங்கன இருந்து என்னையப் பாத்துக்கிடுதான்னு."

எனக்குக் கூசிப்போயிற்று. மாதக்கணக்கில் அவளை இருட்டில் படுக்கவைத்தது நான்கூட இல்லை, நான் எழுதிவிட்டு மறந்த ஒரு வரி. அம்மா எந்த அறையில் படுக்கிறாள் என்றே தெரியாதவன் அதை என் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். சொன்னால் அவளைப் பார்த்துக்கொள்ளும் அந்த மகனும் இல்லாமல் போய்விடுவான். "இனிமே மாத்திரைய போட்டபொறவு அமத்துதேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அன்றே விதியை அழித்தேன். அம்மா.வீடு என்று மாற்றினேன். இப்போது தினமும் நான்கரைக்கு, அங்கே ஒன்பது ஆகும்போது, கைவேலையை விட்டுவிட்டு நானே அணைக்கிறேன். அங்கே அம்மா சொன்னபடி கேட்டுப் படுத்துவிடுகிறாள். இங்கே எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். எனக்கு மட்டும் எழுந்து வீட்டுக்குப் போகத் தோன்றுவதில்லை.