மாத்திரைக்கு முன்னால் கேட்ட கேள்வி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் நீளம். இது அவர் மனைவி சொன்ன குறை அல்ல, கூட வேலை செய்தவர்கள் சொன்ன பெருமை. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று, உள்ளே ஆட்கள் அலறிக்கொண்டிருந்தால், மற்ற மெக்கானிக்குகள் நேராக மெஷின் ரூமுக்கு ஓடுவார்கள். இவர் மட்டும் முதலில் கதவோரம் போய் நிற்பார். "உள்ள யாருங்க? கல்யாணம் ஆனவங்களா? அப்ப மாட்டிக்கிட்டுப் பழக்கம்தானே, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் படி ஏறுவார்.

அந்த மனிதர்தான் சிரிப்பதை நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கை நடுங்க ஆரம்பித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வலது கையில் பிடித்த டீ கோப்பை சாஸரோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது, மகள் ஓடிவந்து பிடித்தாள். சிரிப்பு நின்றபோது அப்படிச் சத்தம் எதுவும் வரவில்லை. கை ஆடுவதற்குப் பல வருடங்கள் முன்பே அது சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது.

மகள் அதற்கு வயது என்று பெயர் வைத்தாள். வேலையிடத்தில் களைப்பு என்றார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்: இந்த மனுஷனுக்கு நான் அலுத்துப்போய்விட்டேன்.

அவளையும் குறை சொல்ல முடியாது. அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். நாள் முழுக்க ஊரார் மூக்கில் ஃபிரேமை மாட்டிவிட்டு முகத்தைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவர்கள் வாய் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் தனக்கே புது ஃபிரேம் போட்டுக்கொண்டு வந்து, "எப்படிங்க இருக்கு?" என்றாள். "ரொம்ப நல்லாருக்கு" என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஒரு முகத்தோடு. அந்த நேரத்தில் தான் நன்றாகச் சிரித்ததாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முகம் அசையவில்லை என்று அவருக்கு யார் சொல்வது? வருத்தப்பட்டவள் சொல்லவில்லை.

கை ஆட ஆரம்பித்த பிறகுதான் நரம்பு டாக்டரம்மாவிடம் போனார்கள். பார்க்கின்சன் என்று பெயர் தெரிந்தது, மாத்திரை வந்தது. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் கை சொன்ன பேச்சைக் கேட்டது, சட்டைப் பித்தான் முரண்டு பிடிக்காமல் துளைக்குள் போனது. அதைவிடப் பெரிய அதிசயம், மனிதர் மறுபடி வாயாட ஆரம்பித்தார். படி ஏற வேண்டாமென்று கம்பெனியில் அவரைப் புகார் போனில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கேயும் போனில் கத்துகிறவர்களைச் சிரிக்க வைத்தார். ஆனால் அடுத்த மாத்திரைக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் இறங்கிவிடும். கால் கட்டைவிரல் மடங்கும், தோள் கனக்கும். பிறகு காரணமே இல்லாமல் ஒரு பயம் வந்து நெஞ்சில் உட்காரும். எதைப் பார்த்தாலும் எனக்கென்ன என்று இருக்கும்.

மனைவிக்கு முதலில் சந்தோஷம்தான். பிறகு சந்தேகம் வந்தது. ஒருநாள் அவர் அடித்த ஜோக்குக்குச் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே கேட்டாள்: "ஏங்க, இப்ப சிரிக்கிறது நீங்களா, மாத்திரையா?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அன்றிலிருந்து அவருக்குத் தலை எது வால் எது என்று தெரியவில்லை. குளிக்கும்போதும் அதே கேள்வி, போனை எடுத்து ஹலோ சொல்லும்போதும் அதே கேள்வி.

இந்த நேரம் பார்த்து மனைவியின் அக்கா கூப்பிட்டாள். அவள் வேறு ஊரில் தனியாக இருக்கிறாள், மாடி காலியாகக் கிடக்கிறது, பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் கடையில் அனுபவமுள்ள ஆள் தேடுகிறார்கள். "உன் பொண்ணு அங்க பக்கத்துத் தெருவுலதானே இருக்கா, உன் வீட்டுக்காரரை அவ பார்த்துக்குவா. நீ வந்துடு" என்றாள். மனைவி அன்று சாப்பிடும்போது நேராகவே கேட்டாள்.

"நான் உங்ககூட இருக்கணும்னு உங்களுக்கு இருக்கா, இல்லையா? சும்மா வாய்க்குச் சொல்லாதீங்க."

வேறு எவனாக இருந்தாலும் 'இரு' என்று ஒரு வார்த்தை சொல்லி அதோடு முடித்திருப்பான். நம் ஆள் மெக்கானிக் ஆயிற்றே. "கரண்டை நிறுத்திட்டுத்தான் பேனல்ல கை வைக்கணும். அப்பதான் உள்ள என்ன இருக்குன்னு சரியாத் தெரியும். காலையில மாத்திரை போடறதுக்கு முன்னால கேளு. அப்ப வர்றதுதான் என் பதில்" என்றார். லிஃப்டைத் தவிர வேறொன்றும் திறந்து பார்க்காத மனிதரின் யோசனை அது. அவளும் அதுதான் நியாயம் என்று தலையாட்டினாள்.

காலையில் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தாள். "இருக்கவா, போகவா? முதல்ல சொன்னதா, ரெண்டாவது சொன்னதா?" என்று கடையில் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே குரலில் கேட்டாள். அவர் உள்ளே தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவள்மேல் கோபம் இல்லை, பாசம் இல்லை, அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூரை அதே இடத்தில்தான் இருக்கும் என்பதுபோல் இருந்தது. "போறதுன்னா போ" என்றார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அடித்துப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போவார். "இந்தா, காலையில நான் சொன்னது..." என்பார். அவள் திரும்பியே பார்க்க மாட்டாள். "இப்ப பேசாதீங்க. கரண்ட் வந்துடுச்சு."

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு வண்டி சொல்லிவிட்டாள்.

அதற்கு முந்தின நாள் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. எந்த மாத்திரை எப்போது என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போவதற்காக மனைவியும் கூட வந்தாள். டாக்டரம்மா கையைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், எல்லாம் பரவாயில்லை என்றார். கிளம்பும்போது மெக்கானிக் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"டாக்டரம்மா, மாத்திரை போடாத ஆள் நிஜமா, போட்ட ஆள் நிஜமா?"

காலையில் நடக்கிற பரீட்சையை அவர் சொல்ல, முழுவதும் கேட்ட பிறகு டாக்டரம்மா, "இந்த யோசனை யாரோடது?" என்றார்.

"என்னோடதுதான்" என்றார் மெக்கானிக், கொஞ்சம் பெருமையாகவே.

"நினைச்சேன். இங்க பாருங்க, மாத்திரை உங்க மூளைக்குள்ள புது ஆள் யாரையும் கொண்டுவந்து வைக்கல. டோபமைன்னு ஒண்ணு இருக்கு. கை கால் அசையறதுக்கு மட்டுமில்ல, ஒண்ணு வேணும்னு தோணறதுக்கும், கிடைச்சா சந்தோஷப்படறதுக்கும்கூட அது வேணும். அதைச் சுரக்கிற செல்கள் உங்களுக்குக் குறைஞ்சுபோச்சு. ராத்திரி முழுக்க மருந்து இல்லாம, விடியும்போது நீங்க அடிமட்டத்துல இருப்பீங்க. அந்த நேரம் பார்த்துப் பொண்டாட்டி வேணுமான்னு கேட்டா, உங்களுக்குக் காபிகூட வேணும்னு தோணாது."

"அப்ப மாத்திரை போட்டப்புறம் சொல்றதுதான் நிஜமா?" என்று மனைவி குறுக்கே புகுந்தாள்.

"அப்படி அடிச்சுச் சொல்லவும் முடியாதும்மா. டோபமைனோட மட்டும் கதை முடிஞ்சுடல. செரோடோனின், நாரட்ரினலின்னு வேறயும் இருக்கு. அதைச் செய்யற செல்கள் மூளைத்தண்டுல இருக்கு, இந்த நோய் அதையும் தொடும். பலருக்குக் கை ஆடறதுக்கு வருஷக்கணக்கா முன்னாலயே மனசு சோர்ந்துபோகும். முகமும் அசையாம இறுகிப்போகும், உள்ள சிரிச்சாலும் வெளிய தெரியாது. இந்த மாத்திரை எல்லாத்தையும் சரி பண்ணாது. மனசுக்குத் தனியா மருந்து இருக்கு, பேசிப் பார்க்கிற சிகிச்சை இருக்கு, அதையும் ஆரம்பிப்போம். ஆனா எவ்வளவு நோய், எவ்வளவு இவருன்னு பிரிச்சுக் காட்ட என்கிட்ட மெஷின் இல்ல."

தெருவில் இறங்கியதும் மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வருஷக்கணக்கா முன்னாலயேன்னா? அப்ப அத்தனை வருஷமும் நான் யார்கூடச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்?"

அவருக்கும் அதுதான் தெரியவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்று அவர் போகாமல் படுத்துக்கிடந்தார். அது நோயா, அல்லது சோம்பேறித்தனமா? எல்லாப் பழியையும் மூளைத்தண்டின் தலையில் போட்டுவிடலாம். அது ரொம்ப வசதியாக இருந்தது, அதனாலேயே நம்பப் பயமாகவும் இருந்தது.

வண்டியை அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. "எனக்கு ஒரே குழப்பமா இருக்குங்க. அங்க போய் யோசிக்கிறேன். திரும்பி வருவேனான்னு கேக்காதீங்க" என்றாள். பரீட்சையும் நின்றது. வெள்ளிக்கிழமை காலை அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மாத்திரை போட்டு, தெம்பு வந்து, பெட்டியை மூட அவளுக்கு உதவிகூடச் செய்தார். அப்போது அவள் போகக் கூடாது என்று நெஞ்சு முழுக்க இருந்தது. சொன்னால் கரண்ட் என்பாளே என்று வாயை மூடிக்கொண்டார்.

வண்டி தாமதமானது. அவள் கைப்பையை மடியில் வைத்து நாற்காலியில் இருந்தாள், அவர் எதிரே சோபாவில். கட்டைவிரல் மடங்க ஆரம்பித்தது. பயம் வந்தது. காலையில் நெஞ்சு முழுக்க இருந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. எதிரே இருப்பவள் லிஃப்டுக்குக் காத்திருக்கும் யாரோ ஒரு பெண் மாதிரி தெரிந்தாள். 'போ' என்று சொல்லத் தோதான நேரம் அதுதான்.

"போகாத" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல. இன்னும் நேரம் ஆகல. எல்லாம் இறங்கிடுச்சு."

"உள்ள ஏதாவது தோணுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். "ஒண்ணும் தோணல. பயமா மட்டும் இருக்கு. உன்னைப் பார்த்தாக்கூட ஒண்ணும் தோணல. ஆனா போகாத."

"ஒண்ணுமே தோணாம எப்படிங்க போகாதன்னு சொல்றீங்க?"

"அடுத்த மாத்திரை போட்டதும் ஒருத்தன் எழுந்து வந்து உன்னைத் தேடுவான்" என்றார். நாக்கு குழறியது. "எங்கடா என் பொண்டாட்டின்னு என்னைத்தான் கேப்பான். நான் என்ன பதில் சொல்றது?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ முகங்களைப் படித்தவளுக்கு அதில் படிக்க ஒரு எழுத்தும் இல்லை. கீழே வண்டியின் ஹார்ன் அடித்தது, இன்னொரு தடவையும் அடித்தது. அவள் எழுந்து ஜன்னலுக்குப் போய், "வேண்டாங்க, நீங்க போங்க" என்று குரல் கொடுத்தாள். பிறகு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நடுங்குகிற கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சந்தோஷமா இருக்கா?" என்றாள்.

"இன்னும் இல்ல" என்றார்.

"சரி. வரும்போது சொல்லுங்க."