மூன்று இஞ்சு குறைத்துச் சொல்பவன்

எங்கள் கடைத் தையல்காரனுக்குத் தேன்வாயன் என்று பெயர் வைத்தது நான்தான். தேன் வாயில் மட்டும்தான், மண்டைக்குள் வெட்டுத்துணி. புருஷன் போனதிலிருந்து அவன் கடையில் பட்டன் தைத்துக் கிடக்கிறேன், எனக்குத் தெரியாதா?

பள்ளிச் சீருடைதான் அவன் பிழைப்பு. பிள்ளை இடுப்பில் டேப்பைச் சுற்றினால் முப்பத்திரண்டு இருக்கும். தாய்க்காரி முகத்தைப் பார்த்துக்கொண்டே "இருபத்தொன்பது" என்பான். வெட்டும்போது மூன்று இஞ்சைக் கமுக்கமாகச் சேர்த்துக்கொள்வான். பழைய உடுப்பு நுழையவில்லை என்றால், "துணி சுருங்கிடுச்சும்மா" என்பான். அந்த மகராசியும் தலையாட்டிவிட்டு, பிள்ளைக்கு இன்னொரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பாள்.

அவன் மகளும் அப்படிப் பெருத்தவள்தான். பள்ளி விட்டதும் கடை ஸ்டூலில் உட்காருவாள். ஒரு கையில் போன், ஒரு கையில் கலர் பாட்டில். எதிரே மைதானம் காலியாகக் கிடக்கும்.

"அந்தப் பாட்டிலப் பிடுங்கிட்டு வெளையாட அனுப்புய்யா" என்றேன்.

"வளர்ற புள்ள பெரியம்மா. உசரமானா தானா வத்திடும்."

இந்த வருஷம் பள்ளியில், இடுப்பு பெருத்த பிள்ளைகளைக் கண்டுபிடித்து, சாப்பாட்டைச் சீர்செய்து, சாயங்காலம் ஓடவிட ஏற்பாடு செய்தார்கள். அளக்க இவனையே கூப்பிட்டார்கள். சுற்றி தாய்மார்கள் நிற்க, இவன் வாய் சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் மூன்று மூன்றாகக் குறைத்தே சொன்னான். நர்ஸம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள். ஒரு பிள்ளைக்கும் குறையில்லை என்று முடிந்தது, இவன் மகள் உட்பட.

அடுத்த வாரம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள் அவன் மகள். பேச முடியாமல் வாயால் மூச்சு வாங்கினாள். டாக்டர் பார்த்துவிட்டு, "இப்படியே விட்டா சின்ன வயசுலயே சர்க்கரை வந்துரும். ஸ்கூல்ல அளந்தாங்களே, யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். தேன்வாயன் மகள் கையைப் பிடித்து அவசரமாக வெளியே கூட்டிவந்தான்.

கடைக்குத் திரும்பி மகளுக்குத் தொளதொளவென்று பாவாடை தைக்க அளவெடுத்தான். "முப்பத்திரெண்டு" என்றான். அப்போதும் மூன்று குறைச்சல்!

டேப்பைப் பிடுங்கி அவன் தொந்தியிலேயே சுற்றினேன். "நாப்பத்திநாலு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நிமிர்ந்து கையைத் தூக்கினாள்.

"எனக்கும் உள்ளத சொல்லுங்க பெரியம்மா."

அளந்து, அவள் காதில் மட்டும் சொன்னேன். பாவம், அவள் என்ன தப்பு செய்தாள்? வாங்கிக் கொடுத்தவன் இவன்.

"நாளைக்கே ஸ்கூலுக்குப் போயி எல்லாப் புள்ளையையும் திரும்ப அளந்து குடு. திட்டுனா வாங்கிக்க" என்று அவனை விரட்டினேன்.

போனான், வாங்கிக் கட்டிக்கொண்டான். சில தாய்க்காரிகள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே இன்னும் துணிதான் சுருங்குகிறதாம். போகட்டும், சனியன் விட்டது.

இப்போது சாயங்காலம் மைதானத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். மகள் முணுமுணுத்துக்கொண்டே சுற்றுகிறாள். பின்னாலேயே அப்பனையும் ஓடவிட்டிருக்கிறேன். வாயைத் திறந்தால் மூச்சுதான் வருகிறது, தேன் வருவதில்லை.