தோணிக்காரன் பெண்டாட்டியின் முகம்

எனக்குச் சந்தேகம் கூடுதல். மற்றவர்கள் சொல்வதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன். பால்காரர் ஊற்றுகிற பாலை விரலால் தொட்டுப் பார்க்காமல் உள்ளே எடுத்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கேரள எல்லையோரம் பாறசாலை ஜங்ஷனில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்கு இருந்தேன். அந்த வேலை எனக்குப் பொருந்திப் போனதற்குக் காரணமே இந்தக் குணம்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசுகிறவர்களின் முதுகைப் பார்த்தே யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவேன். பொய் சொல்கிறவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

காத்திருக்கிறவர்கள் படிக்கட்டும் என்று முதலாளி ஒரு மலையாள வார இதழ் வாங்கிப் போடுவார். வந்ததும் பிரிப்பது நான், முதலில் படிப்பதும் நான். வேறெதையும் பார்க்க மாட்டேன். நேராக நடுப்பக்கம். அங்கே ஒரு சித்திரக்கதை. ஆற்றுக் கடவில் தோணி ஓட்டுகிற ஒரு சோம்பேறி, அவனை வாயாலேயே தோலுரிக்கிற அவன் பெண்டாட்டி, இந்த இரண்டு பேர்தான் கதை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தொடங்கியது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, கொல்லயில் என்ற எங்கள் ஊரில், வீட்டில் அக்கா நானும் தம்பியும் மட்டும் மிஞ்சினோம். சாயங்காலம் அவனை அழாமல் உட்கார வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்த நடுப்பக்கம். நான் வாசிப்பேன், அவன் படத்தைப் பார்த்துச் சிரிப்பான். அதனால் அந்தக் கதையில் யாராவது கை வைத்தால் எனக்குப் பொறுக்காது.

கை வைத்தார்கள். ஒரு வாரம் பிரித்துப் பார்க்கிறேன், தோணிக்காரனின் காது சிறுத்திருக்கிறது. அடுத்த வாரம் அவன் பெண்டாட்டி அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளாவது, நிற்பதாவது! பழைய ஓவியராக இருந்தால் அந்தச் சோற்றுப் பானையை அவன் தலையில் கவிழ்த்திருப்பார். சிரிப்பு போய் இரக்கம் வந்திருந்தது. ஆனால் கீழே அதே பழைய கையெழுத்து, வால் சுழித்து, எப்போதும் போல.

காரோட்டிலிருந்து வருகிற வாழைக்குலை வியாபாரி ஒருவர் தினமும் சந்தை விலை கேட்க பூத்துக்கு வருவார். அவரும் இந்தக் கதைக்கு அடிமை. அவரிடம் காட்டினேன். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தாலும் பொருட்படுத்துகிற ஆள் இல்லை.

"ஆரு வரைஞ்சா என்ன மக்கா? தோணி ஓடுதில்லியா. தோணிக்காரன் செத்தாண்ணு ஆராவது கடவை மூடுவாவளா?"

கடவு ஊருக்குச் சொந்தம், கதை அந்தப் பழைய ஓவியருக்குச் சொந்தம் என்றேன் நான். பெற்றவன் கை விட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். இல்லையா, புது ஆள் தன் பெயரைப் போட்டுக்கொண்டு வரட்டும். பழைய கையெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யாருக்குக் காது குத்துகிறான்? வியாபாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. பிறகு ஒவ்வொரு வாரமும் இதழை வீட்டுக்குக் கொண்டுபோய், தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டே அந்தப் புது ஆளைத் திட்டித் தீர்த்தேன். அவன் தலையைக் குனிந்து தின்பான். மீன் முள்ளை எடுப்பதில் அவ்வளவு கவனம்.

அவன் மேலும் எனக்கு ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போர்டு எழுதுகிறவன். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற கடைகள் வந்த பிறகு வேலை மெலிந்து போயிருந்தது. அப்படிப்பட்டவன் ஒரு நாள் வந்து, மாறாத வேலை ஒன்று அமைந்திருக்கிறது, வியாழக்கிழமை தோறும் போக வேண்டும் என்றான். என்ன வேலை என்று கேட்டால் பூசி மெழுகினான். நெய்யாற்றின்கரையில் என்றான். ஆனால் அவன் குளத்தூர் பஸ்ஸில் ஏறியதை நான் பூத்துக்குள் இருந்தே பார்த்தேன். நகத்தில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு இருந்தது, போர்டு பெயிண்ட் என்று விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது சட்டையில் கள்ளு நாற்றம் இருக்குமோ என்று மோந்து பார்த்தேன். கள்ளு இல்லை, தைலம். வைத்தியர் வீட்டுத் தைலம். சரி, யாரோ வைத்தியன் மகள் என்று முடிவு கட்டிவிட்டேன். நல்ல குடும்பமா என்று விசாரிக்கக்கூட ஆள் பார்த்து வைத்திருந்தேன்.

அதற்கிடையில் இதழ் அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணினேன். நம்பர் உள்ளேயே அச்சடித்திருந்தது, ஃபோன் என் கையெட்டும் தூரத்தில். சும்மா விடுவேனா? இது பழைய ஓவியர் கை இல்லை, வாசகர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நிறுத்துங்கள் என்று சுத்தமான மலையாளத்தில் சொன்னேன். எடுத்த ஆள் படபடவென்று, அவரேதான் வரைகிறார், நல்ல சுகமாக இருக்கிறார் என்றார். சுகமா என்று நான் கேட்கவே இல்லையே. அந்த நிமிஷமே எனக்கு உறுதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த இதழில்தான் நான் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்து போனேன். தோணிக்காரன் பெண்டாட்டி அக்கரைக்கு மீன் கறி கொடுத்து விடுகிறாள். தூக்குவாளியில் கறியை ஊற்றுகிறாள். மேலே ஒரு வாழையிலைத் துண்டு. மூடுவதற்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, இலைக்கு அடியில் ஒரு கரித்துண்டை ஒளித்து வைக்கிறாள். வாயில் ஒரு சேஃப்டி பின்.

அது நான்.

மீனும் இறைச்சியும் வீட்டை விட்டு வெளியே போகும்போது கூடவே கெட்டது எதுவும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கரித்துண்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வைக்கிறவர்கள் மேலேயே வைப்பார்கள். நாங்கள் மிஷன் சபைக்காரர்கள், மூன்று தலைமுறையாக. எங்களுக்கு இதெல்லாம் ஆகாது. அம்மா அதனால் இலைக்கு அடியில் ஒளித்து வைப்பாள். போதகர் வீட்டுக்குக் கறி போனாலும் இலைக்கு அடியில் கரி உண்டு. நானும் அப்படியே. முந்தானையைக் குத்த வேண்டிய பின்னை வாயில் கடித்துக்கொண்டு நான் அதைச் செய்வதை உலகத்தில் ஒரே ஒருவன்தான் பார்த்திருக்கிறான்.

காது சிறுத்தது, நகத்தில் மண்ணெண்ணெய்க்கும் போகாத கறுப்பு மை, தைலம், வியாழக்கிழமை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் முன்னால் உட்கார்ந்தது. ஊரில் எல்லார் முதுகையும் படித்தவள், எதிரில் உட்கார்ந்து சோறு தின்றவன் முகத்தைப் பார்க்கவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அந்த வியாழன் காலையில் அவன் புறப்படும்போது, நான் தூக்குவாளியில் நெத்திலிக் கறி ஊற்றினேன். அவன் பார்க்கும்படியாக, இலைக்கு மேலேயே, கரித்துண்டை வைத்தேன்.

"குளத்தூருக்குத்தானல போற. கொண்டு குடு."

அவன் கரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். பழைய ஓவியருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவர் கதையைச் சொல்வார், இவன் வரைவான். அலுவலகத்துக்கும் தெரியும். வெளியே தெரிந்தால் கதை நிற்கும், அவனுக்குக் கிடைத்த அந்த ஒரு வேலையும் போகும். இப்போது யாரோ ஒருத்தி ஃபோனில் விளித்துச் சண்டை போட்டிருக்கிறாளாம். அலுவலகம் பயந்துபோய், நிறுத்துவதா வேண்டாமா என்று அவரையே கேட்டிருக்கிறது. இன்று அவர் பதில் சொல்ல வேண்டும்.

"அந்த ஒருத்தி நானாக்கும்" என்றேன்.

அவன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். "நானும் வாறேன்" என்று சொல்லி பூத்துச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஓவியர் ஒரு சாய்வு நாற்காலியில் கிடந்தார். அறை முழுக்க அந்தத் தைலம். பேச்சு ஒரு பக்கமாக இழுத்தது, ஆனால் புரிந்தது. எங்கள் ஆட்களைப் போலவே பாதித் தமிழும் பாதி மலையாளமும். நான் மறைக்கவில்லை. சாரே, ஃபோன் பண்ணினது நான்தான் என்றேன். வெளியே போ என்று சொல்வார், பதிலுக்கு நாலு கேட்கலாம் என்று தயாராக நின்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"எனக்க கை போயி எத்தற மாசமாச்சு. ஒரு ஆளுக்கும் மனசிலாகல்ல. அதாக்கும் எனக்கு வருத்தம். நீ ஒருத்தியாவது கண்டியே, மக்களே."

அப்படியானால் தொடரட்டுமா என்று தம்பி மெதுவாகக் கேட்டான். அவன் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் இன்னும் ஒரு பக்கம் வாசி என்று கேட்கிற அதே குரல். நிறுத்து என்று ஊரெல்லாம் சொன்ன வாய், தொடரட்டும் என்று அவர் சொல்ல வேண்டுமே என்று உள்ளுக்குள் முணுமுணுத்தது.

அவர் இடது கையால் நடுப்பக்கத்தைத் தட்டினார். கரித்துண்டு வைக்கிற படம்.

"இவ எனக்க பெண்டாட்டி இல்ல" என்றார். பிறகு என்னைக் காட்டினார். "இவளாக்கும்."

தோணிக்காரன் பெண்டாட்டி அவருடைய பெண்டாட்டியாம். அந்த அம்மா இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. வாராவாரம் வரைந்து வரைந்து ஓவியர் அந்த அம்மாவைப் போகவிடாமல் வைத்திருந்தார். அவள் பேய்க்கும் பயப்பட மாட்டாள், சாமிக்கும் பயப்பட மாட்டாள், கரி வைக்கவே மாட்டாள் என்றார். தம்பி வரைய வரைய, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாராம். தம்பியைக் குற்றம் சொல்லவில்லை. "இவன் கை நல்ல கையாக்கும். ஆனா அவளை இவன் கண்டதில்லியே" என்றார்.

இன்னும் ஒரு வாரம், அதோடு முடிப்போம் என்று அவரே தீர்மானித்தார். கடைசிப் படத்தில் அவள் முகத்தை மட்டும் தானே வரைவதாகச் சொன்னார். தம்பி பலகையைப் பிடித்துக்கொண்டான். தோணி, ஆறு, தோணிக்காரன் எல்லாம் தம்பி அங்கேயே முதலில் வரைந்து முடித்திருந்தான். முகத்துக்கு மட்டும் வெற்றிடம். அவர் இடது கையால் தொடங்கினார். கோடு நடுங்கியது. ஒரு கண் இறங்கிப் போனது, தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. முடித்துவிட்டுப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "ஆ, வந்நு" என்றார். அவள் வந்துவிட்டாளாம்.

திரும்பும்போது பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தான். என்னை எதற்குடா அதில் கொண்டுபோய்ப் போட்டாய் என்று கேட்டேன்.

"பெண்டாட்டிண்ணா வீட்ல எப்பிடி நிப்பாண்ணு பாக்க எனக்கு வேற ஆரைத் தெரியும், அக்கா?" என்றான்.

அடுத்த நாள் அவன் பழைய பெயிண்ட் டப்பாவைத் தட்டித் திறந்துகொண்டு ஏணியோடு போனான்.

கடைசி இதழ் வந்த அன்று வாழைக்குலை வியாபாரி பூத்துக்குள் வந்ததும் விலைகூடக் கேட்காமல் நடுப்பக்கத்தைப் பிரித்தார். வெகு நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் திருப்பி, கெட்டிக்காரர் போல விரலை வைத்துக் காட்டினார்.

"நீ சொன்னது நேராக்கும் மக்கா. இப்பம் எனக்கும் கண்ணு தெளிஞ்சு போச்சு. பாரு, தோணி, ஆறு, எல்லாம் பழைய ஆளுக்க கை. இந்த முகம் மட்டும் வேற எவனோ கள்ளன் வரைஞ்சதாக்கும்."

அது மட்டும்தான் பழைய ஓவியர் வரைந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னாலும் வியாபாரி நம்பப் போவதில்லை. குளத்தூருக்குப் போயிருக்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.