அடைவுத் தேர்வன்று நான் கண்டது

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை முடித்தவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டேன். கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் கடைசியாக உட்கார்ந்து முதலில் எழுந்துவிடுகிற ஆள். படிப்பைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னால் நடந்த ஒரு தவறை நான்தானே சொல்ல வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடித் திறந்த பிறகு, சிறு பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று ஊரில் கேட்டார்கள். யாரும் முன்வரவில்லை. தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியை என் வீட்டுக்கே வந்து, “பேச வேண்டாம்மா, பிள்ளைங்களோட உக்காந்தா போதும்” என்றார். பெரியவர்களிடம்தான் எனக்குப் பயம். ஒத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் கார் நிறுத்த விட்ட இடம் ஒன்று உண்டு. கார் இல்லை. அங்கே பாய் விரித்து வகுப்பு நடந்தது.

வந்த பிள்ளைகளில் ஒருத்தி மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அவள் அம்மா கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், மாலை ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். முதல் சில மாதங்கள் அந்தச் சிறுமி ஒரு வார்த்தைகூட வாசிக்கவில்லை. அப்போது எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்தோம். கவசத்தைக் கழற்றிய பிறகு அவள் மளமளவென்று முன்னேறினாள். பள்ளிக்கூடம் பழகிவிட்டது, பயம் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாதம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பத்தி வாசிக்கவைத்து, அது எந்த அளவில் இருக்கிறது என்று கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். எழுத்து தெரியும், சொல் வாசிப்பான், சரளமாக வாசிப்பான் என்று படிப்படியாக இருக்கும். நான் முதலில் அந்தப் பத்தியைச் சத்தமாக ஒரு தடவை படித்துக்காட்டுவேன். அப்படிச் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிள்ளை திக்கி நின்றால் அவமானப்படுமே என்ற பதைப்பு எனக்கு. அந்தச் சிறுமியின் பெயருக்கு எதிரே நாலாம் வகுப்பு முழுக்க ‘சரளமாக’ என்றே போட்டேன். ஐந்தாம் வகுப்பிலும் போட்டேன்.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்புக்கு அடைவுத் தேர்வு வந்தது. மூன்று, ஐந்து, எட்டு என்று குறிப்பிட்ட வகுப்புகளில் பிள்ளைகளுக்கு மொழியும் கணக்கும் எவ்வளவு வந்திருக்கிறது என்று மாநிலம் முழுக்க ஒரே தாள் கொடுத்துப் பார்ப்பார்கள். நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். தலைமை ஆசிரியை இரண்டு வாரமாகப் பிள்ளைகளுக்கு வட்டம் நிரப்பப் பழக்கினார். என்னிடமும் மாலையில் பழக்கச் சொன்னார்.

“அக்கா, நாலையும் கருப்படிச்சிட்டா ஒண்ணாவது கரெக்டா இருக்கும்ல?” என்றாள் ஒருத்தி.

“அப்ப உன் மூஞ்சிக்கும் சேத்து அடிச்சுக்கோ” என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். நம் சிறுமியும் சிரித்தாள். வட்டம் நிரப்புவதில் அவள்தான் முதல். ஒரு கோடுகூட வெளியே போகாது.

தேர்வு நடத்த ஆசிரியர் பயிற்சி மாணவி ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். பள்ளி ஆசிரியர்கள் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. தண்ணீர் கொடுக்கவும் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகவும் ஓர் ஆள் வேண்டியிருந்ததால், வாசலில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள்.

தாள் கொடுத்தாயிற்று. மொழிப் பகுதியில் முதலில் ஒரு கதை, அதற்குக் கீழே கேள்விகள். பிள்ளைகள் குனிந்தார்கள். சிலர் முணுமுணுத்துப் படித்தார்கள். அவள் மட்டும் குனியவில்லை. விரலைக் கதையின் முதல் வரியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் பார்த்தது என் கண்ணை அல்ல, வாயை.

அந்தப் பார்வையை நான் இரண்டு வருடமாகத் தினமும் பார்த்திருக்கிறேன். விரல் புத்தகத்தில் இருக்கும், முகம் என்னை நோக்கித் தூக்கியிருக்கும். சரியா என்று என்னைக் கேட்கிறாள், என்மேல் பிரியம் என்று நினைத்திருந்தேன். பிள்ளைகள் வாசிக்கும்போது என் உதடும் கூடவே அசையும். சத்தமில்லாமல், எனக்கே தெரியாமல். ஒரு தடவை என் வீட்டுக்காரர்கூட, “இன்னாடி, நீயும் பரீச்சை எழுதப் போறியா?” என்று கேலி செய்தார். நான் முதலில் படித்துக்காட்டியதை அவள் காதில் பிடித்து வைத்திருப்பாள். மறந்த இடத்தை என் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வாள். முகக்கவசம் போட்டிருந்த மாதங்களில் அவளுக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டு, கதையைத் தொடாமலே வட்டங்களை நிரப்ப ஆரம்பித்தாள். எல்லோருக்கும் முன்னால் முடித்தாள். பயிற்சி மாணவி அவள் தாளைத் தூக்கிப் பார்த்து, “எவ்ளோ நீட்டா பண்ணியிருக்கே பாப்பா” என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு அந்த வித்தை தெரியும். நான் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் தேறியது அப்படித்தான். கட்டுரைகளை முழுதாக மனப்பாடம் செய்து, கேள்வியின் முதல் இரண்டு சொற்களை அடையாளம் வைத்துக்கொண்டு கொட்டிவிட்டு வந்தேன். இன்றுவரை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைப் புரிந்து படித்ததில்லை. அப்போது ஒருவர்கூட என்னிடம், உனக்கு இது தெரியவில்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் தேறிக்கொண்டே போனேன். ஆனால் அது ஆங்கிலம். அவளுக்கு வராதது தமிழ், வீட்டில் பேசுகிற மொழி. ஏப்ரலோடு அவள் என் வகுப்பையும் இந்தப் பள்ளியையும் விட்டுப் போய்விடுவாள். ஆறாம் வகுப்பு பெரிய பள்ளி, பாடத்துக்கு ஓர் ஆசிரியர். எழுத்திலிருந்து ஆரம்பிக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதே அங்கே யாருக்கும் தெரியாமல் போகலாம். அதற்குள் இருந்தது இரண்டு மாதம்.

பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போய், அவள் பார்த்திராத ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தேன். முந்தானையால் என் வாயை மூடிக்கொண்டேன். அவள் விரலை வைத்தாள், நிமிர்ந்தாள், நின்றுவிட்டாள்.

“படிம்மா.”

“நீங்க வாய மூடிக்கினா எனக்கு இன்னா தெரியும் அக்கா?”

மறைக்கிற குரல் இல்லை. வாசிப்பது என்றால் அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள் போல.

தலைமை ஆசிரியை அறைக்கு நானாகப் போனது அன்றைக்குத்தான். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கணவருக்கு அணுமின் நிலையத்தில் வேலை என்பதால் இங்கே வந்தவர். தாள்களைக் கட்டி அனுப்பிவிட்டுச் சோர்வாக உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், அந்தப் பொண்ணுக்கு வாசிக்கத் தெரியாது.”

“அவளா? போன மாசம்கூட என் முன்னாடி ஒரு பக்கம் படிச்சாளே.”

“அப்ப நானும் எதிர்ல நின்னேன் டீச்சர்.”

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இன்னைக்கு நடந்த பரீட்சையில பிள்ளைங்களுக்குத் தனித்தனியா மார்க் வராதும்மா. மாவட்டத்துக்கு மொத்தமா ஒண்ணு வரும். அவளைப் பத்தி அதுல ஒண்ணும் தெரியாது. நீங்க சொன்னாத்தான் உண்டு.”

“அதான் சொல்றேன்.”

“ரெண்டு வருஷமா சரளம்னு போட்டுட்டு இப்ப அடியில கொண்டுபோய் வெச்சா மேல கேப்பாங்க.” கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “சரி, மாத்திடுங்க. கேட்டா நான் பேசிக்கிறேன். எனக்கும்தானே தெரியாமப் போச்சு. அவ அம்மாகிட்ட யார் சொல்றது?”

நான் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து பதிவை மாற்றினேன்.

ஆறு மணிக்குச் சாலை முனையில் வேன் வந்து நின்றது. அவள் அம்மா இறங்கினாள். கையெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

“இன்னாக்கா, இங்க நின்னுகினு கீற? பரீச்சை நல்லா எழுதிச்சா எம் பொண்ணு?”

நான் சுற்றி வளைக்கத் தெரியாதவள். அவளுக்கு வாசிக்க வராது, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

“சும்மா இருக்கா. எனக்கு போன்ல மெசேஜ் வந்தா அதுதான் படிச்சிச் சொல்லுது.” சொல்லிவிட்டு நின்றாள். முகம் மெல்ல மாறியது. “போன வாரம் ஷிப்ட் மாத்தி மெசேஜ் போட்டானுங்க. ஒண்ணும் இல்லம்மா, குட் மார்னிங்னு போட்டுகீதுன்னு சொல்லிச்சி. நான் லேட்டா போய் சூப்பர்வைசர்கிட்ட அத்தன பேர் எதிர்ல திட்டு வாங்கினேன்.”

பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அது சின்னது, ஏமாத்திச்சி. நீ எதுக்குக்கா ஏமாந்த? படிச்சவ நீ. ரெண்டு வருசமா இன்னா பண்ணிகினு இருந்த?”

“இன்னும் ரெண்டு மாசம் கீது. தினம் அனுப்பு. எழுத்துலேருந்து ஆரம்பிக்கிறேன்” என்றேன்.

“எங்க லாண்டரில சொல்லி வெச்சிருந்தேன்கா, எம் பொண்ணு பேப்பரே படிக்கும்னு” என்றாள். அவள் என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அனுப்புகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மாலை வகுப்புக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அவள் வரவில்லை. காலையில் அம்மாவோடு வேனில் ரிசார்ட்டுக்குப் போனாள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. லீவு நாள் என்று கூட்டிப்போனாளா, இனி என்னிடம் அனுப்பவே மாட்டாளா, எனக்குத் தெரியவில்லை.