ஏரோது வாய் மூடிய நாற்பது நாள்

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காகத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருப்பார்கள். பச்சைக் குழந்தைகளைக் கொல்லச் சொல்லிக் கத்தியே குரலைத் தொலைத்த ஆரம்பப் பள்ளி வாத்தியார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் ஒரே நாளில் இல்லை. மூன்று நாள், மூன்று ஊர், எல்லாம் கைதட்டலுக்காக.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தின கிறிஸ்துமஸ். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் நான். சபை நாடகத்தில் எனக்கு ஏரோது ராஜா வேஷம். எழுதிக் கொடுத்தது நாலே வரி. பெத்லகேமில் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட வேண்டும், மீசையைத் தடவ வேண்டும், அங்கே உள்ள ஆண் குழந்தைகளை எல்லாம் தீர்த்துக்கட்ட ஆணையிட வேண்டும், உள்ளே போய்விட வேண்டும். நான் உள்ளே போகவில்லை என்பதுதான் விஷயம்.

முழுப் பழியையும் நான் சுமக்க மாட்டேன். எங்கள் சபையில் ஒரு பட்டாசுக் கம்பெனி போர்மேன் இருந்தார். தீபாவளி சீசனில் நமுத்துப்போன சரவெடியைக் கோயிலுக்கு இனாமாகக் கொண்டுவந்திருந்தார். வெடிக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு வாரமாக அதைக் கோயில் மொட்டை மாடியில் காயப்போட்டிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தேவதூதன் வந்தபோது கொளுத்தினார்கள், வெறும் புகை. மேய்ப்பர்கள் வந்தபோதும் புகைதான். நான் வாயைத் திறந்தேன், அத்தனையும் வெடித்தது.

புத்தியுள்ளவன் வெடி ஓயட்டும் என்று நின்றிருப்பான். நான் வெடியோடு போட்டி போட்டேன். நாலு வரியை நாற்பது வரியாக்கினேன். முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு, "கட்டையில போறவன்" என்று என்னைப் பார்த்துத் திட்டியது மேடை வரைக்கும் கேட்டது. அதைப் பட்டம் கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு கட்டை ஏற்றினேன்.

மறுநாள் மல்லாங்கிணறு. அங்கே வெடி கிடையாது. ஆனாலும் முந்தின நாள் சத்தத்தையே போட்டேன், பழகிவிட்டது. மூன்றாம் நாள் வெம்பக்கோட்டையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பெத்லகேம் குழந்தைகள் பிழைத்துக்கொண்டன.

சுக்கு, மிளகு, கருப்பட்டி, உப்புத்தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. ஜனவரி பிறந்தும் குரல் வரவில்லை. நர்ஸ் வேலை பார்க்கிற என் மனைவி என்னை விருதுநகரில் ஒரு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டைக்குள்ளே காய்ப்புக் காய்த்திருக்கிறது என்றார். நாற்பது நாள் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. அதற்குள் சரியானால் சரி, இல்லையென்றால் மதுரைக்குப் போய் அறுக்க வேண்டியதுதான், அறுத்த பிறகு குரல் எப்படி இருக்கும் என்று அவரால் சொல்ல முடியாது.

பள்ளிக்கூட மேனேஜர் நல்ல மனுஷர். நாற்பது நாள் லீவு கொடுத்தார். ஆனால் லீவு முடிகிற மாசக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார், வாய் பேசாத வாத்தியாரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? குரல் வராவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கோ வாயைத் தவிர வேறு கைத்தொழில் கிடையாது.

வீட்டில் எனக்கு ஒரு சிலேட்டும் பல்பக் குச்சியும் வாங்கி வைத்தாள் மனைவி. முதல் நாள் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, அவள் ஆஸ்பத்திரிக் கதை ஒன்றை முதலிலிருந்து முடிவு வரைக்கும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இன்றைக்குத்தான் ஒரு கதையை முடித்திருக்கிறேன் என்றாள்.

அவள் வேலைக்குப் போன பிறகு ஜெபம் பண்ணலாம் என்று முழங்கால் போட்டேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் நீள ஜெபத்துக்குப் பேர்போனவன் நான். என்னை ஜெபிக்கச் சொன்னால் தாய்மார்கள் பிள்ளைகளை ஒருதரம் வெளியே கூட்டிப்போய்விட்டு வந்து உட்கார நேரமிருக்கும். அப்படிப்பட்டவன் சத்தமில்லாமல் ஜெபிக்கக் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, தொண்டை" என்று மனசுக்குள் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அரை நிமிஷத்தில் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டேன். இத்தனை வருஷமும் நான் ஜெபித்தது பின் பெஞ்சுக்குக் கேட்பதற்காகத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பயம் வந்துவிட்டது. குரல் போனதை விட அது பெரிய பயமாக இருந்தது. சாயங்காலம் மனைவியிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு, "இத்தன வருசமும் எனக்கும் ஆண்டவருக்கும் ஒரே கதிதான்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அடுத்த ஞாயிறு கோயிலில் என் பெயர் ஜெப விண்ணப்பத்தில் வாசிக்கப்பட்டது. எங்கள் பக்கம் ஜெப விண்ணப்பம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது சும்மா போகாது, வழியில் கொஞ்சம் சதை போடும். முதல் வாரம் எனக்குத் தொண்டைக் கட்டு. இரண்டாம் வாரம் தொண்டையில் கட்டி. மூன்றாம் வாரம் டாக்டர் கைவிரித்துவிட்டார். அது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

சிலேட்டு இருந்ததே என்று கேட்பீர்கள். வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுக்கிற மூத்த அம்மா ஒருவர் வந்தார். அறைக்குள் வந்ததுமே என் தலையில் கை வைத்து, இந்தப் பிள்ளைக்கு நோவில்லாத முடிவைத் தாரும் என்று ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். நான் அவசரமாக, "எனக்குத் தொண்டை மட்டும்தான்" என்று எழுதி நீட்டினேன். அந்த அம்மாவுக்கு வசனமெல்லாம் மனப்பாடம், கண்தான் மங்கல். சிலேட்டை வாங்கித் தடவிப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா, போற நேரத்துலயும் வாத்தியார்ப் புத்தி போகல தம்பிக்கு" என்றார் கூட வந்தவரிடம்.

இன்னொரு நாள் பாடகர் குழு வந்தது. கட்டிலைச் சுற்றி நின்று, அடக்கத்தின்போது பாடுகிற பாட்டாகப் பார்த்து மூன்று பாடினார்கள். தாழ்ந்த குரலில் நன்றாகத்தான் பாடினார்கள், ஒரு இடத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. அவர்களில் ஒருவருக்குச் சிவகாசியில் லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை. பாடிக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த என் கல்யாணப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் கிட்டப்போய் விரலால் சாண் போட்டு அளந்தார். போட்டோ தெளிவாயிருக்கு, சுத்திக் கறுப்புக் கட்டம் போட்டா எடுப்பாயிருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் சிலேட்டில் பெரிய எழுத்தில் "நான் சாகவில்லை" என்று எழுதி அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தார்.

"இருக்கட்டும் சார். போற வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் நினைக்கோம்" என்று என் தோளைத் தட்டினார்.

சிரிக்கிற மாதிரிச் சொல்கிறேனே தவிர, அப்போது சிரிப்பு வரவில்லை. வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடக் கூரை தெரியும். பத்து மணிக்கு மணி அடிக்கும். என் வகுப்புப் பிள்ளைகள் வேறொரு வாத்தியாரிடம் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் காற்றோடு வரும். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு இடத்தில் மொத்த வகுப்பும் தப்பாகச் சொல்லும். அந்தப் புது வாத்தியார் திருத்தவே மாட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நிற்பேன்.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டுக்காரி வர ஆரம்பித்தாள். அவர்கள் எங்கள் சபை இல்லை, அவள் கும்பிடுவது மாரியம்மனை. வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை. புருஷன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன், கார்த்திகையில் மருந்து பற்றிக்கொண்டதில் இரண்டு கையும் வெந்துபோய் விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒருநாள் பெட்டிக் கூடை, நீலத்தாள், பசைச் சட்டி சகிதமாக வந்து எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்தாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒட்டினால் கண்ட நினைப்பும் வருகிறதாம். பேச ஆள் இருந்தால் கை ஓடுமாம்.

வாத்தியாராயிற்றே, ஆறுதல் சொல்லாமல் இருக்க முடியுமா? சிலேட்டின் இரண்டு பக்கமும் நுணுக்கி எழுதி அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கு எளுத்துத் தெரியாது வாத்தியாரய்யா. அத அங்கிட்டு வச்சுட்டு அந்தப் பசைய இங்கன தள்ளுங்க."

தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் நானும் ஒட்ட ஆரம்பித்துவிட்டேன். மெல்லிய மரப்பட்டையை மடித்து, மேலே நீலத்தாளைச் சுற்றி, ஒரே இழுப்பில் ஒட்ட வேண்டும். அவள் நூறு ஒட்டுகிற நேரத்தில் நான் ஆறு ஒட்டினேன். ஆறும் ஆறு பக்கம் சாய்ந்து நின்றன. அவள் அவற்றைப் பிரித்து மறுபடி ஒட்டினாள். நாளாக ஆக ஆறு பத்தாகியது, பத்து இருபதாகியது, சாய்மானம் மட்டும் கடைசி வரைக்கும் போகவில்லை.

ஒட்டிக்கொண்டே அவள் சொல்லுவாள். கட்டுப் பிரிக்கிறபோது புருஷன் கத்துவது, மருந்து வாசனை போகாத அவன் சட்டை, கை வந்தாலும் விரல் மடங்குமா என்று டாக்டர் சொல்லாமல் போனது. இதுவே நான் வாயுள்ளவனாக இருந்திருந்தால் இரண்டாவது வரியிலேயே, வேதத்தில் எல்லாம் இழந்தும் பொறுத்திருந்த யோபுவைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன். இப்போது யோபு என் தொண்டைக்குள்ளேயே கிடந்தார். அவள் சொன்னதை எல்லாம் முழுசாகக் கேட்டேன். ஒரு ஆளின் கஷ்டத்தை நடுவில் வெட்டாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலைந்து நாள் கழித்து, "உங்க சாமிகிட்ட அவருக்காக ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றாள். என் வாயைக் காட்டிக் கையை விரித்தேன். அதனால்தான் என்னைக் கேட்கிறாளாம். எங்கள் ஆட்கள் ஜெபம் பண்ணினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கிறது, அத்தனை சத்தத்தில் எந்தச் சாமிக்குத்தான் காது வலிக்காது என்றாள்.

கண்ணை மூடினேன். பசையும் அதில் கலக்கிற மயில்துத்த வாடையுமாகக் கை. "அவன் கை" என்று மனசுக்குள் சொன்னேன். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். ஆனால் இந்தத் தடவை எழுந்திருக்கத் தோன்றவில்லை. யாரோ எதிரே உட்கார்ந்து, நான் அவளுக்குக் காது கொடுத்த மாதிரி எனக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பதாக இருந்தது. அவள் கை நிற்காமல் பெட்டி ஒட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, "முடிஞ்சிருச்சா?" என்றாள். தலையாட்டினேன். "சரி" என்று அடுத்த தாளை எடுத்தாள்.

தினமும் அதே மாதிரி. முப்பதாவது நாள் வாக்கில் மனைவி என் தொண்டையை அமுக்கிப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாலைந்து நாளாக நான் தொண்டைக்காக ஜெபிக்கவே இல்லை, மறந்துபோய்விட்டேன். மறுநாள் பத்து மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்தது. ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகவே சொன்னார்கள். நான் ஜன்னலுக்குப் போகவில்லை. வேலை போனால் போகட்டும், ஏதாவது ஒரு வழி இருக்கும் என்று ஒரு தைரியம் எங்கிருந்தோ வந்து நடையில் என்னோடு உட்கார்ந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் பெட்டி ஒட்டுகிற திறமையிலிருந்து வரவில்லை என்பது நிச்சயம்.

நாற்பதாம் நாள் விருதுநகர் டாக்டரிடம் போனோம். பார்த்துவிட்டு, காய்ப்பு கரைந்திருக்கிறது, ஏதாவது பேசுங்கள் என்றார். வரப்போகிற முதல் வார்த்தை ஸ்தோத்திரமாக இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானம் பண்ணியிருந்தேன். வாயைத் திறந்தேன். வெம்பக்கோட்டையில் வராமல் உள்ளேயே நின்றுபோனது எதுவோ அதுதான் முதலில் வெளியே வந்தது.

"பெத்லகேமின் ஆண் குழந்தைகள் ஒன்றையும் விடாதீர்கள்."

குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் கணீரென்று இருந்தது. வெளி பெஞ்சில் குழந்தைகளோடு காத்திருந்த மூன்று தாய்மார்கள் எழுந்து போய்விட்டார்கள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் குறையில்லை, வசனத்தை மாத்துங்க என்றார்.

வேலை நிலைத்தது. இன்ஸ்பெக்டர் வந்தபோது என் வகுப்பு ஏழாம் வாய்ப்பாட்டைச் சரியாகச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாட்சி சொல்ல எழுந்தேன். மௌனத்தில் நான் கற்றுக்கொண்ட பாடத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினேன். பிரஸ்காரர் மட்டும் கொஞ்சம் ஏமாந்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை, மற்றதெல்லாம் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேட்டி மாற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நன்றி ஜெபம் ஒன்று சத்தமாகப் பண்ணட்டுமா என்று கேட்டேன், பதில் வருமுன்னே ஆரம்பித்துவிட்டேன். அவன் கையில் தொடங்கி, டாக்டர்மார், நர்சுமார், பட்டாசுத் தொழில், மழை, அரசாங்கம், கடல் கடந்த மிஷனரிகள் என்று போய் யோபுவையும் ஒருதரம் சுற்றிவிட்டு ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். அவன் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். சட்டியில் பசை ஆடை கட்டியிருந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று என்னவென்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பசைக்கு மேல் படிந்த ஆடையை விரலால் எடுத்துச் சுண்டி எறிந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாய் செத்துக் கெடந்தப்பத்தான் வாத்தியாரய்யா நீங்க ஒளுங்கா ஜெபம் பண்ணுனீக. அந்த ராசா வேசத்த மறுபடி எப்பக் கட்டுதீக?"