மாளிகைக்காரி எலினோர்

ரயில்வே குமாஸ்தா தனபாலுக்கு ஒரு வீடியோ கேம் மேல் பைத்தியம். மூடுபனியும் குதிரை வண்டியும் பேய் மாளிகையுமாக, பழைய இங்கிலாந்தில் நடக்கும் கதை. அதை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிப் பேசி ஆடும் ஆட்டமாக மாற்றியிருந்தார். சூரமங்கலம் குவார்ட்டர்ஸில் ஞாயிறுதோறும் நண்பர்கள் பேய் வேட்டைக்காரர்களாக ஆடுவார்கள். கதையில் வரும் மற்ற எல்லாருக்கும் தனபால்தான் குரல்.

அவர் மனைவி சௌந்திரத்துக்கு அந்தக் கதையில் வரும் மாளிகைக்காரி எலினோரைக் கண்டாலே ஆகாது. அவளாகப் பேசும்போது அவர் குரல் அப்படிக் குழைந்தது. கல்யாணமான நாளாய் அந்தக் குரல் இவள் பக்கம் திரும்பியதில்லை.

ஒரு ஞாயிறு அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏனுங்க, எனக்கும் ஒரு ஆளு குடுங்க. கத்தியோட."

"அக்கா வந்துட்டாங்க, இனிமேல் பேய்க்குத்தான் பயம்" என்றான் தனபாலின் சிநேகிதன் குழந்தைவேல்.

ஆட்டத்தில் சௌந்திரம் நேராக மாளிகைக் கதவைத் தட்டினாள். எலினோர் திறந்தாள்.

"வாங்க" என்றார் தனபால், அந்தக் குரலில், மனைவியைப் பார்த்து. "இந்தப் பனியில நடந்தேவா வந்தீங்க? கையெல்லாம் சில்லுனு இருக்குதே. மொதல்ல உக்காருங்க."

சௌந்திரத்தின் கையில் பகடை அப்படியே இருந்தது.

"உருட்டுங்கக்கா, குத்துங்க!" என்றான் குழந்தைவேல்.

"இரு சாமி, இன்னுங் கொஞ்சம் பேசட்டும்" என்றாள் சௌந்திரம். "அப்பறம் குத்திக்கறேன்."