நாடகத்துக்குக் கிழித்த சட்டை

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலைத் தாண்டி, ராஜபாளையம் போகும் சாலையில் அம்மா முன்னால் நடந்துகொண்டிருந்தாள். பரிசாகக் கிடைத்த ஜியோமெட்ரி பாக்ஸ் கையில் கலகலக்க நான் பின்னால் ஓடினேன். கன்னத்தில் பூசிய கரி வேர்வையில் வழிந்தது. எங்களை அழைத்துவந்த டியூசன் சென்டர் வேன் நாடகம் நடந்த மண்டப வாசலிலேயே நின்றது. அதில் ஏறமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு தொண்டு நிறுவனம் சாயங்கால டியூசன் நடத்தியது. கணக்கு, ஒயிலாட்டம், பிள்ளைகளின் உரிமை எல்லாவற்றையும் ஒரே அக்காதான் சொல்லித் தந்தார். சனிக்கிழமை சுண்டல் உண்டு. எனக்கு உரிமையைவிடச் சுண்டல் நன்றாக விளங்கியது. அந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதிகாரிகள் முன்னால் குழந்தைத் தொழிலாளர் பற்றி நாடகம் போட்டோம். தறிக்கூடத்தில் வேலை செய்யும் பையனாக என்னை நிறுத்தினார்கள். ஒல்லியாக இருந்தேன், அது போதும். இருந்த ஒரே நல்ல சட்டையின் தோளை அக்கா கத்தரியால் கிழித்துவிட்டார். கையைத் தூக்கி அழ வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

மேடையில் அழுகை வரவில்லை. உட்கார்ந்து, அறுந்த நூல் ஒன்றைக் காற்றில் தேடிப் பிடித்தேன். விரலை நாக்கில் தொட்டு, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பி, அடுத்த தறிக்குக் குனிந்து ஓடினேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. முன்வரிசையில் இருந்த அதிகாரியம்மா என்னைக் கீழே கூப்பிட்டு, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். அம்மா என்றேன். எங்கே என்றார். கூடத்தின் பெயரையும் தெருவையும் பெருமையாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

அந்தக் கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்தார்கள். அம்மா அங்கே தறி ஓட்டினாள். விடிந்ததும் நானும் போய், பள்ளிக்கூடம் கிளம்பும்வரை அறுந்த இழைகளை முடிந்து கொடுப்பேன். நான் நின்றால் அவளால் கூடுதலாக ஒரு தறி பார்க்க முடியும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஒத்தாசை. வேலை என்று யாரும் சொன்னதில்லை.

“கூடத்துப் பேர ஏம்லே சொன்ன?” என்றாள் அம்மா.

“கேட்டாவ, சொன்னேன்.”

“கேட்டா ஒப்பிச்சிருவியோ. பாடத்த என்னைக்காவது இப்படி ஒப்பிச்சிருக்கியா?”

அக்கா ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்து இறங்கினார். “வேன்ல வாங்கம்மா. பிள்ளையப் படிக்க வைங்கன்னுதான சொல்லுதோம்.”

“படிக்கத்தான செய்யுதான். காலைல செத்த நேரம் எங்கூட நிக்கான். அதையும் மேடையேத்திட்டிய. நாளைக்கு மொதலாளி உள்ள விடலன்னா நா எங்க போக?”

“நா வந்து பேசுதேன்.”

“நீங்க பேசாம இருந்தாலே போதும், தாயி.”

அக்கா வண்டியை உருட்டிக்கொண்டு அடுத்த பஸ் நிறுத்தம்வரை எங்களோடு நடந்தார். பஸ் வந்ததும் அம்மா ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் போவதற்குள் சேதி எட்டிவிட்டது. கூடத்து வாசலில் முதலாளி நின்றார். “வாங்க நடிகரே. ஒங்கம்மாவையும் சினிமாவுக்கே கூட்டிட்டுப் போயிருலே,” என்றார். சத்தம் போடவில்லை. உள்ளே அம்மாவின் தறியில் வேறொருத்தி நின்றாள். அக்கா போய்ப் பேசியதாகவும் எடுபடவில்லை என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். அதிகாரிகள் யாரும் அந்தப் பக்கம் வந்ததாக நினைவில்லை.

வேறு கூடங்களில் கேட்டுப் பார்க்கப் போகிற வழியில், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் அம்மா என்னைச் சேர்த்தாள். அவளுக்குத் தறி கிடைக்கிறவரை என்றாள். அதன்பிறகு எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். வேறொன்று கிடைக்கிறவரை என்றுதான் ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்திருக்கிறேன்.

கடைக்காரர் என் சட்டையின் கிழிந்த தோளைப் பார்த்தார். “இதுக்கு முன்ன எங்கயும் வேல பாத்திருக்கியாலே?”

“இல்லண்ணே. இதான் மொதல்,” என்றேன்.

பொய் சொல்கிறோம் என்று தோன்றவேயில்லை. பக்கத்தில் நின்ற அம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றும் விளங்கவில்லை. கடைக்காரர் எச்சில் கிளாஸ்களை என் பக்கம் தள்ளினார். நான் கழுவ உட்கார்ந்தேன்.